‘கேமரா ஆஃப்லைன்’: 1947-ல் தொடங்கிய ஒரு பிரச்சினையின் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு நோட்டிஃபிகேஷன்ல இருந்து ஆரம்பிப்போம். ‘உங்கள் கேமரா ஆஃப்லைனில் உள்ளது.’ வீட்டு வாசல்ல வைஃபை கேமரா மாட்டியிருக்கிற யாருக்கும் இது பழகிப்போன வரி. உடனே என்ன செய்வோம்? வீட்ல இருக்கிறவங்களுக்கு போன் போட்டு, “ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க”ன்னு சொல்வோம். சரியாயிடும். ரெண்டு நாள் கழிச்சு அதே நோட்டிஃபிகேஷன் திரும்ப வரும்.

சினிமா பார்க்கும்போது வைஃபை கட் ஆனா எரிச்சல், அவ்வளவுதான். கேமரா விஷயம் வேற. ஊர்ல தனியா இருக்கிற அப்பா அம்மாவுக்காக வாங்கினது அது. இல்லைன்னா நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தனியா வீட்டுக்கு வர்ற ஒருத்தர் தைரியத்துக்காக மாட்டினது. மாசத்துல 29 நாள் அது காட்டுறது காலி வாசலைத்தான். என்னைக்காவது ஒரு நாள், அஞ்சே நிமிஷம், அது வேலை செஞ்சே ஆகணும். அந்த அஞ்சு நிமிஷத்துல அது ஆஃப்லைன்ல இருந்தா?

இந்தப் பிரச்சினைக்கு யூடியூப்ல நூறு வீடியோ இருக்கு. எல்லாத்துலயும் பத்து டிப்ஸ். ஆனா அந்தப் பத்துல உங்க வீட்டுக்கு எது பொருந்தும்னு தெரியணும்னா, இந்தக் கேமரா எந்த இடத்துல உட்கார்ந்து பேசுதுன்னு தெரியணும். நான் சொல்றது வாசல் சுவரை இல்லை. காத்துல அது பயன்படுத்துற அலைவரிசையை. அந்த இடத்துக்கு ஒரு வரலாறு இருக்கு.

மூடிய வட்டம்

முதல்ல வீட்டுப் பாதுகாப்பு கேமரா எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம். நியூயார்க் நகரத்துல குயீன்ஸ் பகுதி, அதுல ஜமைக்காங்கிற வட்டாரம். அங்கே மேரி வான் பிரிட்டன் பிரவுன்னு ஒரு கறுப்பின நர்ஸ். அவங்க வேலை நேரம் ஒழுங்கில்லாதது. கணவர் ஆல்பர்ட் பிரவுன் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன், அவருக்கும் அப்படித்தான். மேரி பல ராத்திரி வீட்ல தனியா இருப்பாங்க. அந்த வட்டாரத்துல குற்றங்கள் அதிகம். போலீசைக் கூப்பிட்டா வர நேரமாகும்.

ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு அமைப்பை வடிவமைச்சாங்க. கதவுல வெவ்வேறு உயரத்துல நாலு துளை. பின்னாடி ஒரு கேமரா மேலயும் கீழயும் நகரும். குழந்தை வந்தாலும் தெரியும், உயரமான ஆள் வந்தாலும் தெரியும். படுக்கையறையில ஒரு டிவியில அந்தப் படம் வரும். வந்தவங்களோட மைக்ல பேசலாம். தெரிஞ்சவங்கன்னா ஒரு பட்டனை அழுத்திக் கதவைத் திறக்கலாம், ஆபத்துன்னா இன்னொரு பட்டன்ல எச்சரிக்கை மணி அடிக்கலாம். 1966 ஆகஸ்ட்ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சாங்க. 1969 டிசம்பர் 2-ம் தேதி கிடைச்சது. இன்னைக்கு வீடியோ டோர்பெல்னு விக்கிறதுல முக்கால்வாசி அதுலயே இருக்கு.

ஒண்ணைக் கவனிங்க. கேமராவும் டிவியும் ஒரே வீட்ல. வாசல்ல எடுக்கிற படம் படுக்கையறைக்குப் போகுது, அதோட சரி. சிசிடிவிங்கிற சொல்லுல முதல் ரெண்டு ‘சி’க்கு அர்த்தமே ‘மூடிய சுற்று’தான். நம்ம வைஃபை கேமராவையும் நாம சிசிடிவின்னுதான் சொல்றோம். ஆனா அதுல மூடியதுன்னு எதுவும் கிடையாது. படம் வாசல்லருந்து ரவுட்டருக்குக் காத்து வழியாப் போய், அங்கிருந்து எங்கேயோ இருக்கிற சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்க போனுக்கு வருது.

காபி இருக்கா இல்லையா

படத்தைக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்ல அனுப்புற பழக்கம் எங்கே ஆரம்பிச்சது? 1991, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஆய்வகம். ட்ரோஜன் ரூம்னு ஒரு அறைக்குப் பக்கத்துல ஒரே ஒரு காபி மெஷின். பல மாடியில உட்கார்ந்திருக்கிறவங்க படியிறங்கி வந்து பார்த்தா ஜாடி காலியா இருக்கும். குவென்டின் ஸ்டாஃபர்ட்-ஃப்ரேசர், பால் ஜார்டெட்ஸ்கி ரெண்டு பேரும் ஜாடியைப் பார்த்த மாதிரி ஒரு கேமராவை வெச்சு, படத்தை ஆய்வகத்தோட நெட்வொர்க்ல அனுப்பினாங்க. 128-க்கு 128 புள்ளி, கறுப்பு வெள்ளை, நிமிஷத்துக்குச் சில படம். 1993-ல அது இணையத்துக்கு வந்தது. 2001 ஆகஸ்ட் 22-ம் தேதி நிறுத்துற வரைக்கும் உலகமே அந்தக் காபி ஜாடியைப் பார்த்துட்டு இருந்தது.

அந்தக் கேமராவோட படம் நடுவுல நின்னுபோனா என்ன நஷ்டம்? ஒருத்தர் சும்மா படியிறங்கி வரணும். கம்ப்யூட்டர் நெட்வொர்க்கோட குணமே அதுதான்: முடிஞ்சவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், சேரலைன்னா திரும்ப அனுப்பு. காபி ஜாடிக்கு அது தாராளமாப் போதும். மேரி பிரவுனோட வாசலுக்குப் போதுமா? ரெண்டு வேற வேற தேவையும் ஒரே டப்பாவுக்குள்ள வந்து சேர்ந்ததுதான் இன்னைக்கு நம்ம கையில இருக்கிற கேமரா.

இன்னும் ஒண்ணு. காபி ஜாடி கேமராவுக்கு ஒயர் இருந்தது. ஒயர் எப்போ போச்சு?

சமையல் அடுப்புக்கு ஒதுக்கின இடம்

இப்போ கொஞ்சம் பின்னாடி போகணும், ரெண்டாம் உலகப் போருக்கு. 1940-ல பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துல ஜான் ராண்டல், ஹாரி பூட் ரெண்டு பேரும் புது மாதிரியான ஒரு மேக்னட்ரானை உருவாக்கினாங்க. சின்னக் கருவி, ஆனா அதிலிருந்து ரொம்ப சக்தி வாய்ந்த மைக்ரோவேவ் அலைகள் வரும். ராடாருக்கு அதுதான் உயிர். அமெரிக்காவில் அதை ஏராளமா தயாரிச்ச கம்பெனிகள்ல ஒண்ணு ரேதியான். அங்கே பெர்சி ஸ்பென்சர்ங்கிற பொறியாளர், 1945-ல, ஓடிட்டிருந்த மேக்னட்ரான் பக்கத்துல நின்னப்போ சட்டைப் பையில இருந்த மிட்டாய் உருகிப்போனதைக் கவனிச்சார்னு சொல்வாங்க. அதுலருந்து வந்ததுதான் மைக்ரோவேவ் ஓவன். 1947-ல கடைக்கு வந்த முதல் மாடலுக்கு ‘ரேடாரேஞ்ச்’னு பேர். கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம், சுமார் 340 கிலோ எடை.

அதே 1947-ல, அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாடு. எந்த அலைவரிசை யாருக்குன்னு உலக நாடுகள் உட்கார்ந்து பங்கு போடுது. வானொலிக்கு இது, கப்பலுக்கு இது, விமானத்துக்கு இதுன்னு. ஆனா தகவல் அனுப்பாம, சூடு பண்றதுக்கு மட்டுமே ரேடியோ அலையைப் பயன்படுத்துற கருவிகள் இருக்கே? தொழிற்சாலை ஹீட்டர், ஆஸ்பத்திரியில சூடு குடுக்கிற டயாதெர்மி மெஷின் மாதிரி. அது பக்கத்துல இருக்கிற ரேடியோவை எல்லாம் கெடுக்கும். அதனால அதுகளுக்குத் தனியா சில துண்டுகளை ஒதுக்கிடலாம்னு முடிவாச்சு. அமெரிக்கப் பிரதிநிதி 2450 மெகாஹெர்ட்ஸ் வேணும்னு கேட்டார். காரணம் என்ன சொன்னார் தெரியுமா? இந்த அலைவரிசையில எங்க நாட்ல ஒரு டயாதெர்மி மெஷினும் ஒரு எலக்ட்ரானிக் அடுப்பும் இருக்கு, அந்த அடுப்பு நாளைக்கு அட்லாண்டிக் கடக்கிற கப்பல்லயும் விமானத்துலயும் வரலாம், அதனால உலகம் முழுக்க ஒரே எண்ணா இருந்தா நல்லதுன்னு.

அப்படித்தான் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதி, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கான இடமாச்சு. ஒரு தெருவுல குப்பை கொட்டுறதுக்குன்னு ஒரு மூலையை விட்ட மாதிரி. இங்கே இரைச்சல் இருக்கும், யாரும் புகார் சொல்லக் கூடாது.

ஒரு கட்டுக்கதையையும் இங்கேயே முடிச்சுடலாம். ‘2.45-தான் தண்ணி மூலக்கூறு அதிர்ற எண், அதனாலதான் ஓவனுக்கு அதைத் தேர்ந்தெடுத்தாங்க’ன்னு நிறைய பேர் சொல்வாங்க. தப்பு. திரவத் தண்ணி ரொம்ப அதிகமா உறிஞ்சுறது இதைவிடப் பல மடங்கு உயர்ந்த அலைவரிசையில. 2.45-லயும் தண்ணி சூடாகும், அது போதுமானதா இருந்தது. அந்த எண்ணை முடிவு பண்ணதுல மாநாட்டு மேசைக்கும் பெரிய பங்கு உண்டு.

‘எதையும் பொறுத்துக்கணும்’

முப்பது நாற்பது வருஷம் அந்த மூலையில அடுப்பும் ஹீட்டரும்தான் இருந்தது. அமெரிக்காவில் ரேடியோ விதிகளைப் பார்த்துக்கிற எஃப்சிசியில் மைக்கேல் மார்கஸ்னு ஒரு பொறியாளர். இந்த இரைச்சல் மூலையை ஏன் பொதுமக்களுக்குத் திறந்துவிடக் கூடாதுன்னு அவர் கேட்டார். ‘ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம்’னு ஒரு ராணுவத் தொழில்நுட்பம் இருந்தது. சிக்னலை ஒரே இடத்துல குவிக்காம அகலமாப் பரப்பி அனுப்புறது. நடுவுல எங்கேயாவது இரைச்சல் வந்தாலும் செய்தி தப்பிக்கும்.

(ஹெடி லமார் வைஃபையைக் கண்டுபிடிச்சாங்கன்னு ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. அந்த ஹாலிவுட் நடிகை, ஜார்ஜ் ஆன்டைல்ங்கிற இசையமைப்பாளரோட சேர்ந்து 1942-ல வாங்கின காப்புரிமை, அலைவரிசைக்கு அலைவரிசை தாவுற ஒரு டார்பிடோ வழிகாட்டி. இந்தக் குடும்பத்துல ஒரு மூத்த உறவுன்னு சொல்லலாம். வைஃபை அதுலருந்து நேரா வந்தது இல்லை.)

எதிர்ப்பு நிறைய இருந்தும், 1985 மே 9-ம் தேதி எஃப்சிசி மூணு துண்டுகளைத் திறந்துவிட்டது. அதுல ஒண்ணு 2.4 ஜிகாஹெர்ட்ஸ். லைசென்ஸ் வேண்டாம், கட்டணம் வேண்டாம். பதிலுக்கு ரெண்டு நிபந்தனை. உரிமை இருக்கிறவங்களுக்கு நீ தொந்தரவு குடுக்கக் கூடாது. உனக்கு வர்ற தொந்தரவை நீ பொறுத்துக்கணும். உங்க கேமரா ஆஃப்லைன் ஆகுறதுக்கான அனுமதி சட்டப்படி எழுதப்பட்டது அந்த ரெண்டாவது நிபந்தனையிலதான்.

தீவுகள் கத்துக்கொடுத்த மரியாதை

இடம் கிடைச்சாச்சு. அங்கே பல பேர் ஒரே நேரத்துல எப்படிப் பேசுறது? இதுக்கான விடை ஹவாய் தீவுகள்ல ஏற்கெனவே இருந்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் நார்மன் ஆப்ராம்சன் குழு 1971 ஜூன்ல ‘அலோஹாநெட்’டை இயக்கினாங்க. தீவுகள்ல இருக்கிற டெர்மினல்கள் ரேடியோ வழியா ஒரு மையக் கம்ப்யூட்டரோட பேசும். விதி ரொம்ப எளிமை: சொல்ல வேண்டியதைச் சொல்லு. ‘வந்தது’ன்னு பதில் வரலைன்னா, வேற யாரோ அதே நேரத்துல பேசி மோதிடுச்சுன்னு அர்த்தம். கொஞ்ச நேரம் காத்திருந்து திரும்பச் சொல்லு. எவ்வளவு நேரம் காத்திருக்கணும்கிறது குலுக்கல் மாதிரி. இல்லைன்னா ரெண்டு பேரும் திரும்ப ஒரே நேரத்துல மோதுவாங்க.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. யார் பேசுறாங்கன்னு கேட்காமலே எல்லாரும் பேசினா, மொத்த நேரத்துல அதிகபட்சம் சுமார் 18 சதவீதம்தான் உருப்படியாப் பயன்படும்னு கணக்கே காட்டுது. அதனால பின்னாடி வந்தவங்க ஒரு மரியாதையைச் சேர்த்தாங்க: பேசுறதுக்கு முன்னாடி காதைக் கொடு. யாரும் பேசலைன்னா பேசு.

1985-க்கு அப்புறம் இந்த யோசனையைக் கையில எடுத்தது, கல்லாப்பெட்டி மெஷின் செய்ற என்சிஆர் கம்பெனி. கடையில பொருளை இடம் மாத்தி அடுக்கும்போதெல்லாம் கல்லாவுக்குத் திரும்ப ஒயர் இழுக்கணும். அந்தச் செலவைத் தவிர்க்க, நெதர்லாந்துல இருந்த அவங்க பொறியாளர்கள் ஒயரில்லா நெட்வொர்க் செஞ்சாங்க. அங்கிருந்து வந்த விக் ஹேய்ஸ் தலைமையில ஒரு சர்வதேசத் தரக் குழு வேலை செஞ்சு, 1997-ல 802.11ங்கிற தரம் வெளியாச்சு. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-ல 802.11பி வந்து வேகம் 11 ஆச்சு, அதே வருஷம் வைஃபைங்கிற பேரும் வந்தது, ஆப்பிள் தன்னோட ஐபுக் லேப்டாப்ல அதைக் கொடுத்தது. அதுக்கப்புறம் நடந்தது நமக்குத் தெரியும்.

இன்னைக்கும் உங்க ரவுட்டர் அந்த மரியாதையோடதான் பேசுது. நொடிக்குச் சுமார் பத்து தடவை ‘நான் இருக்கேன்’னு ஒரு சின்ன அறிவிப்பு விடுது. கேமரா தொடர்ந்து கொஞ்ச நேரம் அதைக் கேட்கலைன்னா, ரவுட்டர் போயிடுச்சுன்னு முடிவு பண்ணிடும். ‘டிஸ்கனெக்ட்’ங்கிறது பெரும்பாலும் இவ்வளவுதான்: ஒருத்தர் கூப்பிட்டது இன்னொருத்தர் காதுல விழலை.

லைசென்ஸ் போன வருஷம்

நம்ம நாட்டுக்கு வருவோம். 1933-ல வந்த இந்திய கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாம ஒயர்லெஸ் கருவியை வெச்சிருக்கிறதே குற்றம். பாட்டு கேட்கிற ரேடியோ பெட்டிக்கே போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டி லைசென்ஸ் புதுப்பிச்ச காலம் 1980கள் வரைக்கும் இருந்தது. உங்க வீட்டுத் தாத்தா பாட்டிகிட்ட கேட்டுப் பாருங்க, சிலர் அந்த லைசென்ஸ் புத்தகத்தை இன்னும் வெச்சிருப்பாங்க.

அந்த நாட்டுல, 2005 ஜனவரியில மத்திய அரசு ஒரு விதியை வெளியிட்டது. 2.4-லருந்து 2.4835 ஜிகாஹெர்ட்ஸ் வரைக்கும், குறைந்த சக்தியில இயங்குற கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதோட நிபந்தனையும் அதேதான்: யாருக்கும் இடைஞ்சல் செய்யக் கூடாது, உனக்குப் பாதுகாப்பு கிடையாது, இடம் எல்லாருக்கும் பொது.

இந்த விதி இல்லைன்னா ஸ்டேஷன் வைஃபையும் இல்லை, ப்ளூடூத் ஹெட்போனும் இல்லை, இந்த பாட்காஸ்ட்டை நீங்க இப்படிக் கேட்கவும் முடியாது. அந்த நன்மையைக் குறைச்சுச் சொல்ல முடியாது. ஆனா இடத்தோட அகலத்தைப் பாருங்க. மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ். சேனல் எண் 1-லருந்து 13 வரைக்கும் இருக்கு, ஆனா ஒவ்வொரு சேனலுக்கும் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேணும், அடுத்தடுத்த எண்ணுக்கு நடுவுல இடைவெளி 5 மட்டும்தான். அதனால ஒண்ணோட ஒண்ணு இடிக்காம உட்காரக்கூடியது மூணு: 1, 6, 11. உங்க அபார்ட்மென்ட்ல முப்பது ஃப்ளாட், முப்பது ரவுட்டர். இடம் மூணு.

முதல்ல கடிகாரத்தைப் பாருங்க

இப்போ ரிப்பேருக்கு வருவோம். இந்த வரலாறு தெரிஞ்சா, ‘என்ன பண்ணணும்’னு கேக்கிறதுக்கு முன்னாடி ‘எப்போ கட் ஆகுது’ன்னு கேட்கத் தோணும். ஒரு வாரம் நேரத்தைக் குறிச்சு வைங்க. அதுக்கு முன்னாடி ஒரு சின்னச் சோதனை: கேமராவுக்குள்ள மெமரி கார்டு போட்டு, தொடர்ந்து பதிவாகிற மாதிரி வைங்க. ஆஃப்லைன்னு காட்டின நேரத்துப் பதிவு கார்டுல இருந்தா, கேமரா உயிரோடதான் இருந்தது, தொடர்புதான் போச்சு. பதிவும் இல்லைன்னா, கேமராவே அணைஞ்சு எழுந்திருக்கு. அது கரண்ட் பிரச்சினையா இருக்க வாய்ப்பு அதிகம்.

கரண்ட் பிரச்சினை பெரும்பாலும் இருட்டினதும் வரும். ராத்திரி பார்க்கிறதுக்காகக் கேமரா தன்னோட இன்ஃப்ராரெட் விளக்குகளை ஏத்தும்போது கூடுதல் கரண்ட் வேணும். கூட வந்த ஒயர் நீளம் போதலைன்னு மெல்லிசான நீள ஒயர் வாங்கிப் போட்டிருப்போம், இல்லைன்னா பழைய போன் சார்ஜரைச் சொருகியிருப்போம். பகல்ல ஓடும், ராத்திரி விழும். திருட்டு பயம் ராத்திரிதானே? அதனால இதைத்தான் முதல்ல பாருங்க. சரியான அடாப்டர், தடிமனான குட்டை ஒயர்.

சமையல் நேரத்துல மட்டும் ரெண்டு மூணு நிமிஷம் கட் ஆகுதா? 1947-ஓட சொந்தக்காரர் சமையலறையில இருக்கார். ஓவனோட சக்தி சுமார் 800 வாட். நல்ல ஓவன்லயும் சட்டம் அனுமதிக்கிற அளவுக்குத் துளி கசியும். உடம்புக்கு அது ஒண்ணும் செய்யாது. ஆனா ரவுட்டர்லருந்து உங்க கேமராவுக்கு வந்து சேர்ற சிக்னல், ஒரு வாட்ல நூறு கோடியில ஒரு பங்கு அளவுல இருக்கும். அதுக்கு முன்னாடி இந்தத் துளி பெரிய கூச்சல். அதோட ஓவனுக்கு அலோஹா மரியாதை தெரியாது, அது யார் பேசுறாங்கன்னு கேட்காது. ரவுட்டருக்கும் கேமராவுக்கும் நடுவுல ஓவன் வராத மாதிரி ரவுட்டரை மாத்துங்க. பொதுவா 1-ம் சேனல்ல ஓவன் தொந்தரவு குறைவு.

சாயங்காலம் ஏழுலருந்து பதினொண்ணு வரைக்கும் தகராறா? அது பக்கத்து ஃப்ளாட் கூட்டம். ரவுட்டர் செட்டிங்ல 2.4-க்கு சேனல் அகலத்தை 40-லருந்து 20-க்குக் குறைங்க. 1, 6, 11-ல எது காலின்னு ஒரு வைஃபை ஆப்ல பார்த்து அதை நிலையா வைங்க. ‘ஆட்டோ’வுல விட்டா ரவுட்டர் தானா சேனல் மாத்தும், மாத்துற ஒவ்வொரு தடவையும் கேமரா தேடிட்டு அலையும். 3, 4 மாதிரி நடு எண்ணை வெச்சுத் தப்பிக்கலாம்னு நினைக்காதீங்க. அது ரெண்டு பக்கத்துக் கூட்டத்துலயும் கால் வைக்கிறது.

நேரம் காலம் இல்லாம, எப்பவும் தடுமாறுதா? தூரமும் சுவரும். கான்கிரீட் சுவர், இரும்பு கிரில் கேட், பீரோ, தண்ணித் தொட்டி, இதெல்லாம் அலையைத் தடுக்கும். ‘அந்த இடத்துல போன்ல சிக்னல் நல்லா காட்டுதே’ன்னு கேட்பீங்க. போன் காட்டுறது ரவுட்டர் பேசுறது எவ்வளவு நல்லாக் கேக்குதுங்கிறதை. கேமராவோட வேலை தலைகீழ். அதுதான் ஓயாம பேசணும், ரவுட்டர் கேட்கணும். அதோட குட்டி ஆன்டெனாவுக்குக் குரல் சின்னது. கேமரா ஆப்ல சிக்னல் எண் காட்டினா பாருங்க, மைனஸ் 70-க்குக் கீழ போனா பக்கத்துல ஒரு ரிப்பீட்டரோ இன்னொரு ரவுட்டரோ வேணும்.

புது ரவுட்டர் வந்ததுலருந்துதான் பிரச்சினையா? புது ரவுட்டர்கள் 2.4-க்கும் 5-க்கும் ஒரே பேர் வெச்சு, கருவியைத் தானா இங்கேயும் அங்கேயும் தள்ளிவிடும். விலை குறைந்த கேமரா பலதுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரெண்டுக்கும் தனித்தனிப் பேர் வைங்க. போனையும் டிவியையும் 5-க்கு அனுப்பிட்டா, கேமராவுக்கு இடமும் கிடைக்கும். பாதுகாப்பு செட்டிங்ல டபிள்யூபிஏ3 மட்டும்னு இருந்தா, பழைய கேமரா உள்ளயே வராது.

வீட்ல எல்லாக் கருவியும் ஒண்ணாப் படுத்துக்குதா? அப்போ கேமரா மேல தப்பில்லை, இணைய இணைப்பைப் பாருங்க. எல்லாம் ஓடுது, எங்கே இருந்து பார்த்தாலும் கேமரா ஆப் மட்டும் வேலை செய்யலைன்னா, கம்பெனியோட சர்வர் படுத்திருக்கலாம். அப்போ ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்றதுல பயனில்லை.

யாராவது வேணும்னே துண்டிச்சா

இதுவரைக்கும் சொன்னது தற்செயலாக் கட் ஆகுறது. வேணும்னே செய்ய முடியுமா? முடியும். 1997 தரத்துல, ‘உன் இணைப்பை முடிச்சுக்கிறேன்’னு ரவுட்டர் அனுப்புற செய்திக்கு எந்தக் கையெழுத்தும் கிடையாது. ரவுட்டர் பேர்ல வேற யாராவது அதை அனுப்பினாலும் கேமரா நம்பி வெளியே போயிடும். கல்லாப்பெட்டிக்கும் ஆபீஸ் லேப்டாப்புக்கும் யோசிச்ச காலத்துல இது பெரிய ஓட்டையாத் தெரியலை. இதை அடைக்கிற 802.11டபிள்யூ தரம் 2009-ல வந்தது. 2018-ல அறிமுகமான டபிள்யூபிஏ3-லதான் அது கட்டாயம். அதனால கேமரா வாங்கும்போது டபிள்யூபிஏ3 ஆதரவு இருக்கான்னு பாருங்க. ஜாமர் போட்டு மொத்த அலைவரிசையையும் அடைக்கிறது இன்னொரு வழி. அனுமதியில்லாம ஜாமர் பயன்படுத்துறது இந்தியாவில் சட்டவிரோதம். ஆனா வாசல்ல திருட வர்றவன் அந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் பயப்படுவானா?

ஆக, நீங்க எல்லா செட்டிங்கையும் சரி பண்ணாலும், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்காத இடம். ஓவனுக்காக ஒதுக்கி, பொறுத்துக்கணும்ங்கிற நிபந்தனையோட நமக்குத் திறந்துவிட்ட இடம். அங்கே கட் ஆகுறதைக் குறைக்கலாம், கட் ஆகவே ஆகாதுன்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. டப்பா மேல ‘24 மணி நேரப் பாதுகாப்பு’ன்னு அச்சடிச்சு விக்கிறப்போ இதை யாரும் நமக்குச் சொல்றதில்லை.

அதனால வீட்ல எந்தக் கேமரா எதுக்குன்னு பிரிச்சுப் பாருங்க. பூனை என்ன பண்ணுது, கூரியர் வந்தாச்சா, குழந்தை தூங்குதா, இதெல்லாம் காபி ஜாடி வகை. வைஃபை போதும். தனியா இருக்கிறவங்களோட வாசல், மேரி பிரவுன் வகை. அதுக்கு ஒயர் போடுங்க. 2003-ல வந்த ஒரு தரப்படி, ஒரே நெட்வொர்க் கேபிள்ல படமும் போகும், கேமராவுக்கான கரண்ட்டும் வரும். அதுக்குப் ‘பிஓஇ’ன்னு பேர், 100 மீட்டர் வரைக்கும் இழுக்கலாம். படம் வீட்டுக்குள்ளேயே ஒரு ரெக்கார்டர்ல பதிவாகட்டும், அதையும் ரவுட்டரையும் ஒரு சின்ன யுபிஎஸ்ல சேர்த்துவிடுங்க. ஒயர் போட முடியாத வாடகை வீடுன்னா, குறைஞ்சபட்சம் மெமரி கார்டு போட்ட கேமராவா வாங்குங்க. தொடர்பு போனாலும் பதிவு மிஞ்சும்.

அடுத்த தடவை அந்த நோட்டிஃபிகேஷன் வரும்போது, ரவுட்டர் சுவிட்சுக்குக் கை போறதுக்கு முன்னாடி மணி எத்தனைன்னு ஒரு தாள்ல எழுதுங்க. ஒரு வாரத்துல அந்தத் தாளே காரணத்தைச் சொல்லிடும். ஊர்ல அப்பா அம்மா வீட்ல கேமரா மாட்டியிருக்கிற நண்பர் யாராவது இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.